வாழையிலையில் கிடந்த நாட்கள்

முதலில் வந்தது வாயில்தான். கீழுதட்டின் உட்பக்கத்தில் ஒரு புண், பிறகு கன்னத்தின் உட்புறத்தில், பிறகு அண்ணத்தில். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தொண்ணூறுக்குப் பிந்திய அந்த யுத்த வருடங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எல்லோருக்கும் ஏதோ ஒரு நோய், ஏதோ ஒரு வருத்தம் இருந்தது. பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, மின்சாரம் இல்லை. வாய்ப்புண் என்று போய் ஒருவரிடம் முறையிட வெட்கமாக இருந்தது.

நான் உடுப்பிட்டியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பெயர் சுகிர்தம். என் கணவர் தவராசா வீடுகளுக்கு மின்கம்பி பொருத்துகிற வேலை செய்தவர். மின்சாரம் நின்றுபோன பிறகு சைக்கிளில் விறகு கட்டி விற்றார். எங்களுக்கு ஒரே மகள், சுதா. நான் வருத்தக்காரியானபோது அவளுக்கு எட்டு வயது.

சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு கிழமையில் ஆறிவிடும். என்னுடையது ஆறவில்லை. ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று வந்தது. உறைப்புக் கறியை விட்டேன். பிறகு சோற்றை விட்டேன். பிறகு ஆறவைத்த கஞ்சி மட்டும். வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினேன். என் கணவர் எங்கெங்கோ போய் மணித்தக்காளி இலை ஆய்ந்து வந்து தேங்காய்ப்பாலில் சொதி வைத்துத் தந்தார். விழுங்கும்போது கண்ணால் நீர் வழியும். அவர் அடுப்பைப் பார்த்தபடி திரும்பி நிற்பார்.

சில மாதங்கள் இப்படிப் போயின. பிறகு ஒருநாள் கிணற்றடியில் குளிக்கும்போது நெஞ்சில் ஒரு கொப்புளத்தைக் கண்டேன். தெளிந்த நீர் நிறைந்து, தளர்ந்து தொங்கியது. துவாய் பட்டதும் உடைந்தது. உடைந்த இடம் காய்ந்து பொருக்குக் கட்டவில்லை. தோல் உரித்த பழம் போல ஈரமாகத் திறந்து கிடந்தது. அடுத்தடுத்த நாட்களில் முதுகு, அக்குள், தலைமயிருக்குள் என்று எல்லா இடமும் வந்தது.

அயலில் உள்ளவர்கள் அம்மாள் வருத்தம், அம்மை, என்றார்கள். நான் பிறந்தது மெதடிஸ்ற் சபைக் கிறிஸ்தவக் குடும்பம். ஆனாலும் என் அண்ணை வேப்பிலைக் கொத்தோடு வந்தார். படலைக்கு வெளியிலேயே நின்று அதை நீட்டினார்.

"சுதாவை நான் கூட்டிக்கொண்டு போறன். மாறினாப் பிறகு அனுப்புவம்," என்றார்.

சுதா அவருடைய சைக்கிளில் ஏறிப் போனாள். நான் கை காட்டவில்லை. கையைத் தூக்கினால் அக்குள் நோகும்.

அம்மாள் வருத்தமென்றால் காய்ச்சலோடு வரும். கொப்புளங்கள் சின்னதாக இருக்கும். ஒன்றிரண்டு கிழமையில் தானாகக் காய்ந்து உதிரும். அக்கியென்றால் உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டியாகப் போடும். எனக்குக் காய்ச்சலும் இல்லை, காய்ந்து உதிரவும் இல்லை, ஒரு பக்கத்தோடு நிற்கவும் இல்லை. இதெல்லாம் இப்போது தெரிந்து சொல்கிறேன். அப்போது நான் வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்திருந்தேன்.

ஒரு காலை முதுகோடு ஒட்டிய சட்டையைக் கழற்ற முடியவில்லை. என் கணவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சட்டையை நனைத்து நனைத்து எடுத்தார். எடுத்த சட்டையை வாளிக்குள் போட்டார்.

"இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போவம்," என்றார்.

யாழ்ப்பாணத்துக்குப் போன வான் மண்ணெண்ணெயில் ஓடியது. புகை உள்ளேயே வந்தது. முதுகைச் சாய்க்க ஏலாதபடியால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். பக்கத்தில் நின்ற பெண் என் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தன் பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றினாள். ஆஸ்பத்திரி வாங்கிலும் எங்களுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு இருந்தார்கள். நெரிசலான அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது.

என்னைப் பார்த்த டொக்டர் நடுத்தர வயதுக்காரர், மெலிந்தவர். நித்திரையில்லாத கண்கள்.

"வாயிலை முதல் வந்ததோ, தோலிலை முதல் வந்ததோ?"

"வாயிலை."

"எவ்வளவு காலம்?"

"நாலைஞ்சு மாதம் இருக்கும்."

அவர் என் தோளில், ஒன்றுமே இல்லாத நல்ல தோலில், பெருவிரலை வைத்து அழுத்திப் பக்கமாகத் தள்ளினார். மேற்தோல் நனைந்த கடதாசி போல நகர்ந்து சுருங்கியது. என் கணவர் யன்னல் பக்கம் திரும்பினார்.

"இதுக்குப் பெம்பிகஸ் எண்டு பேர்," என்றார் டொக்டர். "தோலின்ரை கலங்கள் ஒண்டோடை ஒண்டு ஒட்டியிருக்கிறதுக்கு ஒரு பசை மாதிரி இருக்கு. உங்கடை உடம்பு அதைத் தன்ரை எதிரியெண்டு நினைச்சு அழிக்குது. பசை போனால் தோல் கழரும். உள்ளை நீர் சேரும்."

"ஒட்டுற வருத்தமோ, டொக்டர்?" என் கணவர் கேட்டார்.

"இல்லை. ஆருக்கும் ஒட்டாது. பிள்ளையைக் கட்டிப்பிடிக்கலாம், உவவுக்கு நோகாட்டில்."

"மாறுமோ?"

"அடக்கலாம். முந்தி மருந்தில்லாத காலத்திலை கனபேர் செத்தவை. நெருப்புச் சுட்ட ஆக்களுக்கு மாதிரித்தான். தோல் இல்லாட்டில் உடம்பிலை நீர் நிக்காது, கிருமி உள்ளுக்கை போகும். இப்ப ஸ்டீரொயிட் குளிசை இருக்கு. ஆனால் கனகாலம் போட வேணும். நினைச்சவுடனை நிப்பாட்டேலாது. அப்பிடி நிப்பாட்டினால் அதுவே ஆளைக் கொல்லும்."

நான் பயப்பட்டிருக்க வேண்டும். டொக்டரின் சேட்டில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோலில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதிப்பதுதான் முறை, கொழும்புக்கு அனுப்பி மறுமொழி வரும்வரை காத்திருக்க ஏலாது என்றார்கள். ஒரு கொப்புளத்தின் அடியைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். இரத்தத்தில் சீனி பார்த்தார்கள், பிறஷர் பார்த்தார்கள். தரப்போகிற குளிசை இரண்டையும் கூட்டும், அதனால் முதலே தெரிந்திருக்க வேண்டுமாம். அன்று பின்னேரம் கை நிறையக் குளிசை தந்தார்கள். வாய்க்கு ஊதா மருந்து பூசினார்கள்.

விடுதியில் சிக்கல் படுக்கைதான். விரிப்பு முதுகோடு ஒட்டியது. திரும்பும் ஒவ்வொரு முறையும் தோல் விரிப்பில் தங்கியது. காயத்துக்குச் சுற்றும் துணியும் தட்டுப்பாடு. மறுநாள் டொக்டர் என் கணவரிடம் கேட்டார்.

"உங்கடை ஆக்கள் ஆரிட்டையும் வாழைத் தோட்டம் இருக்கோ? வாழையிலை ஒட்டாது. அவிச்ச தண்ணியிலை கழுவி விரிச்சால் முதுகுக்குச் சுகம்."

என் கணவர் என்னைப் பார்த்தார். எனக்குக் காரணம் தெரியும். வாழைத் தோட்டம் இருந்தது சுன்னாகத்துக்குப் பக்கத்தில், அவருடைய தமக்கை பரமேஸ்வரியிடம். விதவை, பிள்ளைகள் இல்லை. வெங்காயமும் வாழையும் செய்துகொண்டு தனியே இருந்தார். சைவக் குடும்பத்தில் பிறந்த தம்பி ஒரு வேதக்காரியை, கிறிஸ்தவப் பெண்ணை, கட்டினான் என்று எங்கள் கலியாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு சொல் பேசவும் இல்லை.

"பாப்பம்," என்றார் என் கணவர்.

அடுத்த நாள் வெங்காயம் ஏற்றி வந்த தட்டி வானில் பரமேஸ்வரி மச்சாள் வந்து இறங்கினார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சொருகிய சேலை, தலையில் வாழையிலைக் கட்டு. கட்டிலடிக்கு வந்து என்னைப் பார்த்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"எங்கை, திரும்பு," என்றார்.

நான் திரும்பினேன். அவர் முதுகைப் பார்த்தார். பிறகு சுடுதண்ணீர் கேட்டுப் போனார். இலைகளைக் கழுவி, நடுத்தண்டைச் சீவி எடுத்து, விரிப்பின்மேல் ஒன்றோடொன்று அணைத்துப் பரப்பினார். என் தோளிலும் இடுப்பிலும் வெறுங்கையால் பிடித்து என்னை அதில் கிடத்தினார். இலை குளிர்ந்தது. பல நாட்களுக்குப் பிறகு முதுகு முழுதாகக் கீழே பட்டுக் கிடந்தேன்.

"மச்சாள், ஒட்டுற வருத்தமெண்டு ஆக்கள் சொல்லுகினம்," என்றேன்.

"சொல்லட்டும். நீ பேசாமல் கிட."

அதற்குப் பிறகு வெங்காய வான் வரும் நாளெல்லாம் வந்தார். இலை விரிப்பார், பழைய இலையைச் சுருட்டி எடுத்துப் போவார், தான் காய்ச்சிய அரிசிக் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவார். கதை கிடையாது. எனக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த கட்டிலில் குருநகரைச் சேர்ந்த மெற்றில்டா என்ற பெண் இருந்தாள். கடற்தொழில் குடும்பம். போத்தல் விளக்கு சரிந்து சேலையில் நெருப்புப் பிடித்தது. என் உடம்பும் அவள் உடம்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. காயம் கழுவுகிற நேரமும் ஒன்று.

"உனக்கு நெருப்பில்லாமலே எரிஞ்சிருக்குப் பிள்ளை," என்றாள் ஒருநாள். "ஆண்டவர் உன்னிலை தீப்பெட்டியும் மிச்சம் பிடிச்சிட்டார்."

அவள் சிரித்தாள். எனக்கு வாயைத் திறந்து சிரிக்க ஏலாது. தலையை ஆட்டினேன்.

அவளுக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. காயத்தில் மஞ்சளாக வடிந்தது, நாறியது. கிருமி இரத்தத்தில் போய்விட்டது என்றார்கள். ஒரு விடியல் அவளை வெள்ளைத் துணியால் மூடிக் கொண்டுபோனார்கள். தாய் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தாள். தாதி அவளுடைய தலையணையை எடுத்து உறை மாற்றி, "உங்களுக்குத் தரட்டோ?" என்று கேட்டாள். தாருங்கோ என்றேன். அது என்னுடையதைவிட மெத்தென்று இருந்தது. அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

இப்படித்தான் இருந்தேன். மருந்தாலும் இருக்கலாம். வலி கூடுதலானால் மனம் தன் கதவைச் சாத்திவிடும் போலும்.

புதிய கொப்புளங்கள் குறையத் தொடங்கிய நேரம் குளிசை முடிந்துவந்தது. டொக்டர் என் கணவரை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். கதவு திறந்தேயிருந்தது, எனக்குக் கேட்டது.

"எங்களிட்டை இருக்கிறது கொஞ்சம்தான். மூச்சிழுக்கிற தொய்வுக்காரருக்கும் இதுதான் குடுக்கிறம். மருந்துக் கப்பல் எப்ப வருமெண்டு தெரியேல்லை. நான் இழுத்துப் பிடிச்சுக் குடுக்கிறன். அதுக்கிடையிலை வெளியிலை எடுக்க ஏலுமெண்டால் எடுங்கோ."

சாவகச்சேரி, சுன்னாகம், பருத்தித்துறை என்று எல்லா மருந்துக்கடையும் ஏறி இறங்கினார். இல்லை. பிறகு கட்டிலடிக்கு வந்து நின்றார்.

"நான் கிளாலியாலை வவுனியாவுக்குப் போட்டு வாறன்," என்றார்.

கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடப்பதென்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இரவில் கடற்படை சுடும், போனவர்களில் சிலர் வருவதில்லை. போக வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம்.

"ஓம்," என்றேன்.

அவர் போனார். நாட்கள் போயின. கிளாலியில் சூடு நடந்ததாம் என்று விடுதியில் கதைத்தார்கள். எந்த நாள், எந்தப் படகு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. குளிசை பாதியானது, பிறகு அதிலும் பாதி. தோளில் ஒரு கொப்புளம் புதிதாக வந்தது. நான் அதைத் தாதியிடம் காட்டினேன். அவள் டொக்டரிடம் சொன்னாள். டொக்டர் வந்து பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மச்சாள் இப்போது வீட்டுக்குப் போவதையும் குறைத்துவிட்டார். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தார்.

"அவர் வராட்டில் என்ன செய்யிறது, மச்சாள்?" என்று ஒரு பின்னேரம் கேட்டேன். கேட்ட குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

அவர் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவன் வராட்டிலும் நான் வருவன்," என்றார்.

அந்தக் கிழமைதான் ஒரு பகல் குண்டு போடுகிற பொம்பர் வந்தது. நகரத்துக்கு மேலே வட்டமடிக்கும் சத்தம் கேட்டதும் ஏலுமானவர்கள் எல்லோரும் கட்டில்களுக்குக் கீழே போனார்கள். மச்சாள் அப்போது இலை மாற்றிக்கொண்டிருந்தார். நான் ஒரு பக்கம் சரிந்து கிடந்தேன், அவர் கை என் தோளுக்குக் கீழே இருந்தது.

"நீங்கள் கீழை போங்கோ, மச்சாள்."

"கையை எடுத்தால் நீ பழைய இலையிலை விழுவாய். உரிஞ்சுபோம்."

எங்கோ குண்டு விழுந்தது. யன்னல் அதிர்ந்தது. சுவரிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது. அவர் குனிந்து என் முதுகில் தூள் விழாமல் தன் சேலையை விரித்துப் பிடித்தார். பிறகு புது இலையை இழுத்துச் சரிசெய்து என்னைக் கிடத்தினார். எங்கே விழுந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

என் கணவர் திரும்பி வந்தபோது முகம் கறுத்து, ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. சேட்டுக்குள்ளிருந்து பொலித்தீன் பை ஒன்றை எடுத்தார்.

"பாதியை வவுனியாச் சோதனையிலை ஆமி மறிச்சுப் போட்டாங்கள். பாதிதான் வந்தது," என்றார்.

அவரைக் கண்டதும் அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. அவர் என் கட்டிலின் ஓரத்தில் இருந்து, நான் மிச்சம் வைத்த கஞ்சியைக் கோப்பையோடு எடுத்துக் குடித்தார். மச்சாள் அவருடைய செருப்பில்லாத காலைப் பார்த்தார்.

"மற்றது எங்கை?"

"தண்ணிக்கை போட்டுது, அக்கா."

அந்தப் பாதி போதுமாக இருந்தது. அது முடியுமுன் ஆஸ்பத்திரிக்கும் மருந்து வந்தது. முதலில் முதுகு மூடியது. வாய்தான் கடைசியில் ஆறியது. ஆறிய இடங்களில் வடு இல்லை, கருமை மட்டும். ஆனால் குளிசை தன் விலையைக் கேட்டது. முகம் பூசணிக்காய் போல ஊதியது. ஓயாத பசி. இரத்தத்தில் சீனி ஏறியது. வயிறு எரிந்தது. நித்திரை போனது. வீட்டுக்கு வந்தபோது சுதா படலையில் நின்று என்னை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா தானோ?" என்று தகப்பனிடம் கேட்டாள்.

கிட்ட வந்து என் கையிலிருந்த கருமையை விரலால் தொட்டாள். "நோகுதோ?" என்றாள். "இல்லை," என்றேன். உண்மையில் ஒன்றும் நோகவில்லை, அவள் விரல் பட்டதும்கூடச் சரியாகத் தெரியவில்லை.

குளிசையை மெல்ல மெல்லக் குறைத்தார்கள். இன்னும் சிறிய அளவில் போடுகிறேன். இப்போது அயலில் யாருக்குக் கொப்புளம் வந்தாலும் என்னிடம் காட்டுகிறார்கள். நான் டொக்டர் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செருப்புக் கடித்ததோ, மண்வெட்டி பிடித்ததோ, அடுப்பில் சின்னதாகச் சுட்டதோ என்றால் குத்தி உடைக்காதேங்கோ, மேற்தோல்தான் அதற்கு மருந்து, சுத்தமாக மூடிவைத்தால் ஆறிவிடும். சுட்ட இடத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கோ, வேறு ஒன்றும் பூசாதேங்கோ. ஆனால் காரணம் தெரியாமல் வந்தால், உடம்பெங்கும் பரவினால், வாயிலோ கண்ணிலோ வந்தால், காய்ச்சலோடு தோல் உரிந்தால், சுற்றிவரச் சிவந்து சூடாகி மஞ்சளாக வடிந்தால், பெரிதாகச் சுட்டிருந்தால் காத்திருக்காதேங்கோ. புதிதாக ஒரு மருந்து குடித்த பிறகு வந்ததென்றால் அந்த மருந்தையும் கையில் கொண்டு அன்றைக்கே போங்கோ. வாய்ப்புண் கிழமைக்கணக்காக ஆறாவிட்டாலும் காட்டுங்கோ. நான் மாதக்கணக்கில் மணித்தக்காளிச் சொதி குடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஐப்பசிக் கடைசியில் ஆமி முன்னேறி வர, மச்சாளின் சுன்னாகம் உட்பட வலிகாமம் முழுவதும் வீடுகளை விட்டு வெளிக்கிட்டது. மழைக்குள் சனம் நடந்தது. மச்சாளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் போய்த் தேடினார். காணவில்லை. அடுத்த நாள் மத்தியானம் மச்சாள் தானே எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு துணிப்பை. மாட்டை அவிழ்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். கண் வறண்டிருந்தது.

தேத்தண்ணி குடித்த பிறகும் அவர் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மச்சாள், காலுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை."

"காட்டுங்கோ."

மெல்ல நீட்டினார். குதிக்காலிலும் விரல்களின் அடியிலும் பெரிய கொப்புளங்கள். நீர் நிறைந்து பளபளத்தன. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், காலை அல்ல.

"இது உன்ரை வருத்தமோ?" என்றார்.

"இல்லை மச்சாள். நனைஞ்ச செருப்போடை இவ்வளவு தூரம் நடந்தால் ஆருக்கும் வரும். உது ஒரு கிழமையிலை ஆறிப்போம்."

"வடிவாப் பார்."

"பாத்திட்டன். வாயிலை ஒண்டுமில்லைத்தானே? மேலிலை ஒண்டுமில்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப இல்லை."

அவர் மூச்சை விட்டார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழத் தொடங்கினார். வீட்டை விட்டு வந்ததற்கு அழவில்லை, மாட்டுக்கு அழவில்லை. தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நான் அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"ஆஸ்பத்திரியிலை பயந்தனீங்களோ, மச்சாள்?"

"பின்னை? ஒட்டாது ஒட்டாது எண்டு டொக்டர் சொன்னவர்தான். ஆனால் வீட்டை போற நாளெல்லாம் விளக்கு வெளிச்சத்திலை இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தனான்."

"பாத்திட்டு?"

"பாத்திட்டு, விடிய இலை வெட்டப் போனனான்."

எனக்கும் அழுகை வந்தது. இத்தனை வருடத்தில் அது முதல் தடவை. ஆறவைத்த தண்ணீரில் துணியை நனைத்து அவருடைய ஒரு காலைத் துடைத்து முடித்தேன். பிறகு மற்றக் காலையும் எடுத்து மடியில் வைத்தேன்.